வெள்ளிமலையில் ஒரு பனிச்சறுக்கு ஒத்திகை

கீழே விழக் கற்றுக்கொள்வதற்கு எந்த மலை நல்லது? சிம்லா பக்கத்துக் குஃப்ரியா, மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங்கா, காஷ்மீரின் குல்மார்க்கா? இந்த மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். இதை எழுதும் இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றிக் கவலைப்படும் ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். என் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போய்வர அங்கே சலுகை உண்டு. இந்த முறை போகாவிட்டால் காலாவதியாகிவிடும். அந்த வங்கியின் சுவரில் ஒரு நாட்காட்டி. அதில் ஒரு பையன் காலில் இரண்டு நீளக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கிக்கொண்டு வருகிறான். அதைப் பார்த்த நாளிலிருந்து, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அருள் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் சுமதி வீட்டில் எதுவும் பேசவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

“எடத்த நீயே சொல்லு மல்லிகா. நீ சொல்ற எடத்துக்குப் போவலாம்” என்றார் கணவர். கேட்பதற்கு எவ்வளவு தாராளமாக இருக்கிறது! அங்கே போய் ஏதாவது ஆகிவிட்டால், “நீதான சொன்ன?” என்று முடித்துக்கொள்ளவும் வசதியாக இருக்கிறது.

வடக்கே போய்வந்த அவருடைய சக ஊழியர் ஒருவர் மூன்று இடங்களைச் சொன்னார். குஃப்ரியில் சரிவு சின்னது, கூட்டம் பெரியது, குதிரைகள் வேறு. சோலாங்கில் சரிவு நீளமாக, மெதுவாக இறங்கும். ஆனால் அங்கே போய்ச் சேர நாளெல்லாம் மலைப்பாதையில் பஸ்ஸில் உருள வேண்டும். குல்மார்க்தான் அழகு, மூன்றிலும் உயரமும் குளிரும் அதற்கே ஜாஸ்தி. மூன்றையும் நான் மனத்துக்குள் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

உண்மையில் தராசில் உட்கார்ந்திருந்தது அருளின் நெஞ்சு. போன மார்கழியில் அவனுக்கு இளைப்பு வந்து படுத்தியது. பனிமலைக்கு அவனைக் கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “மொதல்ல கல்வராயன் மலைக்குக் கூட்டிக்கினு போங்க. மார்கழிக் குளுரு தாங்குறானான்னு பாருங்க. அப்பறம் இமயமலைய யோசிக்கலாம்.” அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். அரையாண்டு விடுமுறை வந்ததும் ஒத்திகைக்குப் புறப்பட்டோம்.

கள்ளக்குறிச்சியில் கம்பளி வாங்குவது தனிக் கதை. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் பரண் மேலிருந்து இரண்டு குரங்குக் குல்லாய்களை எடுத்துத் தூசி தட்டினார். இரண்டும் கறுப்பு.

“சபரிமலைக்குப் போறவங்களுக்காக வாங்கியாந்தது. ரெண்டு நின்னுபோச்சு.”

“பனிக்குத் தாங்குமா பாய்?”

“மலை மலைதானம்மா. தலை எங்க போனாலும் ஒரே தலைதான?”

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. குல்லாய்களோடு, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்து மிஞ்சிப்போன பச்சை ஸ்வெட்டர்கள் இரண்டையும் கட்டிக்கொடுத்தார்.

சறுக்குக் கட்டைக்கு என் கணவரே பொறுப்பேற்றுக்கொண்டார். இரண்டு ஜோடி பனைமட்டைகளைக் கொண்டுவந்து, கருக்கையெல்லாம் அரிவாளால் சீவி, விளக்கெண்ணெய் தடவி, கால் நுழைக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வைத்து ஆணி அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “இன்னா சார், வேஷம் கட்டப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

புறப்பட்ட நாள் காலை பஸ் நிலையத்திலேயே பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டிவிட்டேன். மலையில் போய் மாட்டலாமே என்று இவர் சொன்னார். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும் என்று நான் படித்திருந்தேன். எங்கே படித்தேன் என்பது மறந்துவிட்டது. நல்ல வெயில். வெள்ளரிக்காய் விற்ற அம்மா அருளைப் பார்த்து, “ஐயோ, புள்ளைக்கு அம்மையா?” என்று இரண்டடி தள்ளி நின்றாள்.

அது மறியல் காலம். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் அடிக்கடி சாலையில் இறங்கிவிடுவார்கள். எந்தப் பஸ் எந்த ஊர் வரை போகும் என்பது டிரைவருக்கே தெரியாது. எங்கள் பஸ் அடிவாரத்து வடக்கனந்தலோடு நின்றுவிட்டது. “மேல போவாதுங்க. எறங்கிக்கோங்க” என்று கண்டக்டர் சொன்னதும் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி, திரும்பிவிடலாம். அதற்குள் இவர் ஒரு ஜீப்பைப் பிடித்துவிட்டார். காசி என்ற அந்த டிரைவர் பனைமட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

“இது இன்னாத்துக்கு சார்?”

“சறுக்கறதுக்கு.”

காசி கயிற்றை எடுத்தார். மட்டைகளை மரியாதையாகக் கூரைமேல் கட்டினார். வழியெல்லாம் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் சுமதியின் முகம் வெளுத்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தேன். மூன்றாவது வளைவில் அவள் காலை இட்லியைத் திருப்பித் தந்தாள். வண்டி நின்றது. வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், “அம்மா, சோலாங் வேணாம்” என்றாள். ஒரு இடம் கழிந்தது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவிக்கொண்டு வந்தாள். “இப்ப நல்லாயிருச்சும்மா. சோலாங்கே போவலாம்.” கழிந்த இடம் மறுபடி தராசில் ஏறி உட்கார்ந்தது.

கல்வராயன் மலை மேலிருக்கும் வெள்ளிமலையில், காசிக்குத் தெரிந்த பொன்னம்மாளின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. முன்னால் டீக்கடை, பின்னால் வீடு. கடைக்கு எதிரே காய்ந்த புல் மூடிய சரிவு ஒன்று. பார்த்தவுடனே நான் பையில் மருந்து பாட்டில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அருள் கைதட்டினான்.

பொன்னம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். பிள்ளைகளின் குல்லாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய வீட்டில் எல்லோரும் மேலே ஒரு துண்டு மட்டும் போர்த்தியிருந்தார்கள்.

“எந்த ஊரும்மா நீங்க?”

“கள்ளக்குறிச்சிதான்.”

“கள்ளக்குறிச்சியா? நான் ரொம்பத் தூரம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டாள். வீட்டில் ஒரு பருக்கைக்கு ஒரு கதை கேட்கும் அருள், கதையே கேட்காமல், இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இதே பிள்ளைகள் மணாலியில் என்ன சாப்பிடுவார்கள்? தயிர் உறையுமா அங்கே? அல்லது பாலாகவே உறைந்துவிடுமா? இவரிடம் கேட்டேன். “மொதல்ல இந்த ரசத்தக் குடி” என்றார்.

மறுநாள் காலை மூச்சு விட்டால் புகையாக வந்தது. அருளின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி கேட்டேன். “அம்மா, கூச்சமா இருக்கு” என்று நெளிந்தான். சந்தோஷத்தில் அவனை அடுப்படிக்கு அழைத்துப் போய்க் குளிர்காய உட்காரவைத்தேன். விறகு ஈரம். புகை சூழ்ந்ததுதான் தாமதம், இருமத் தொடங்கினான். மருந்து பாட்டிலைத் தேடி ஓடினேன். திரும்பி வருவதற்குள் பொன்னம்மாள் அவனை வாசலில் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தாள். இருமல் நின்றிருந்தது.

“குளுருல நல்லாத்தான இருந்தான்? பொகையில கொண்டாந்து ஏன் வெச்ச?” என்றாள். இவர் சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெயில் ஏறியதும் ஒத்திகை தொடங்கியது. சுமதி பனைமட்டைகளில் கால் நுழைத்து நின்றாள். மட்டை இரண்டும் இரண்டு திசையில் போயின. அவள் நடுவில் உட்கார்ந்தாள். “அப்பா, படத்துல இருக்கறவனுக்கு மட்டை நேரா இருக்கு. நம்மளுது வளைஞ்சிருக்கு” என்றாள். இவர் அதைப் பற்றி நீண்ட விளக்கம் தரத் தொடங்கினார். விளக்கம் முடிவதற்குள் அவள் ட்யூபைக் கழற்றி எறிந்துவிட்டு, மட்டையின் அகலமான அடிப்பாகத்தில் உட்கார்ந்து, காம்பைப் பிடித்துக்கொண்டு சர்ரென்று கீழே போய்விட்டாள். கீழிருந்து அவள் போட்ட கூச்சலில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அடுத்து அருள். அவன் மேலே நின்றான். நான் கீழே நின்றேன். “மெதுவா!” என்று கத்தினேன். விழுந்தான். “பாத்து!” என்றேன். விழுந்தான். “அருளு, வேணாம்!” என்றபோது கிளம்பக்கூட இல்லை; நின்ற இடத்திலேயே விழுந்தான்.

சுமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “அம்மா, நீ கத்தினாத்தான் அவன் வுழறான்.”

“நான் கத்தாட்டி அவன் வுழுந்துடுவான்டி.”

“கத்தாம இருந்து பாரேன்.”

முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அவன் சறுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கண்கள் கத்தியிருக்க வேண்டும். கடைசியில் இவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, டீக்கடைப் பெஞ்சில் சரிவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். எதிரில் அடுப்பு; அடுப்புக்குப் பின்னால் சரிவைப் பார்த்தபடி பொன்னம்மாள் போண்டா போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்றான்?” என்றேன்.

“உக்காந்துட்டான்.”

“அப்பறம்?”

“காம்பப் புடிச்சிட்டான். வரான்… வரான்… வந்துக்கினே இருக்கான். தோ, கீழ வந்துட்டான்!”

ரேடியோவில் கிரிக்கெட் கேட்பதுபோல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெயில் மாவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே பொன்னம்மாள் விடாமல் சொன்னாள். மேலே ஏறுகிறான், சிரிக்கிறான், அக்காவைப் பிடித்துத் தள்ளுகிறான், மறுபடி வருகிறான். டீ குடிக்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “எம்மா, ஒம் புள்ள சர்க்கஸ்ல சேர்ந்துடுவான் போலக்கீது” என்றார் ஒருவர். இப்படி ஒரு மத்தியானம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. சூடான போண்டா, முதுகில் வெயில், என் மகன் ஒரு முறைகூட விழாமல் சறுக்கிக்கொண்டிருக்கிறான்!

சாயங்காலம் கால் கழுவிவிடும்போது பார்த்தால் இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. முழங்கையில் சிராய்ப்பு. ஸ்வெட்டரின் பின்புறம் பச்சையாக இல்லை. நேராகப் பொன்னம்மாளிடம் போனேன்.

“எத்தினி வாட்டி வுழுந்தான்?”

“யாரு எண்ணினது?”

“நீங்க சொல்லவே இல்லியே?”

“சொல்லியிருந்தா நீ திரும்பியிருப்ப. நீ திரும்புனா அவன் இன்னொரு வாட்டி வுழுந்திருப்பான்.” மிஞ்சிய போண்டாவைத் தாளில் சுருட்டி என் கையில் வைத்தாள். “வுழுந்தத வுட்டுட்டு மிச்சமெல்லாம் சொன்னேன். பொய் சொன்னனா?”

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அருளின் முதுகில் மறுபடி காதை வைத்தேன். இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காசி வந்து, கீழே மறுபடி மறியல் என்றார். போகும் வரை போவோம், மிச்சத்தை நடப்போம் என்று அவர் ஜீப்பில் புறப்பட்டோம். மலை முடிந்து, வடக்கனந்தல் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. நேற்றுவரை நின்ற மரம், இலைகள் வாடவில்லை. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம், கள்ளக்குறிச்சி போகிற மாட்டுவண்டி ஒன்று நின்றிருந்தது.

எங்களைப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக் காட்டினார்கள். குரங்குக் குல்லாய், பச்சை ஸ்வெட்டர், இவர் தோளில் பனைமட்டை.

“எங்க சார் போய்ட்டு வரீங்க, இமயமலைக்கா?” என்றான் ஓர் இளைஞன். எல்லோரும் சிரித்தார்கள்.

“இல்லீங்க” என்றேன். “அங்க இனிமேதான் போகணும்.”

வங்கிச் சலுகையிலிருந்து தொடங்கி விஷயத்தைச் சொன்னதும் மரம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மீசையைத் தடவினார். “காஷ்மீர் எனக்குத் தெரியும்மா. கண்ண மூடிக்கினு குல்மார்க் போங்க.”

“குழந்தைங்க அங்க தாங்குமாங்க?”

“அது தெரியாது. நான் லாரிலேர்ந்து பார்த்தேன்.”

“இவரு பட்டாளத்துல சோறு ஆக்கனவருங்க” என்று இளைஞன் போட்டுக் கொடுத்தான்.

“நான் ஆக்காட்டி எவன்டா சண்ட போட்டிருப்பான்?” என்றார் பெரியவர். பிறகு என்னிடம், “பனியில வுழுந்தா வலிக்காதும்மா. எழுந்திருக்கறதுதான் கஷ்டம்” என்றார். அதுவும் லாரியிலிருந்து பார்த்ததுதானா என்று கேட்கத் தோன்றியது.

குதிரை இருப்பதால் குஃப்ரிதான் நல்லது என்றார்கள் சிலர். அவ்வளவு தூரம் போய்க் குதிரையா பார்ப்பார்கள் என்றார்கள் மற்றவர்கள். கொஞ்ச நேரத்துக்கு, கோஷத்தைக்கூட மறந்துவிட்டார்கள். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். “நல்லாப் போய்ட்டு வாங்க. எங்க புள்ளைங்களும் உங்க வூட்டுக்காரரு மாதிரி உத்தியோகத்துக்குப் போவணும்னுதான் இங்க உக்காந்துகினு கீறோம்” என்றாள். அவள் மடியில் அருள் வயதில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் பொன்னம்மாள் வழிக்குப் புதிதாகப் போட்டுத் தந்த போண்டாப் பொட்டலத்தை நான் அவளிடம் கொடுத்தேன்.

மரத்தைத் தாண்ட வேண்டும். அடிமரம் அருளின் தலைக்கு மேலே இருந்தது. இளைஞன் அவனைத் தூக்கக் கை நீட்டினான். “நானே ஏறுவேன்” என்று அருள் ஒரு கிளையில் கால் வைத்தான். என் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, நான் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. எதிரில் பொன்னம்மாள் இல்லை, யார் சொல்வார்கள்?

“ஏறிக்கினு கீறாம்மா” என்றது சுமதியின் குரல். “கிளையப் புடிச்சிட்டான்… கால் வழுக்குது… வுழுந்துட்டான்.”

என் கழுத்து பாதி திரும்பிவிட்டது.

“திரும்பாத! எழுந்துட்டாம்மா. மறுபடி ஏறறான். மேல உக்காந்துட்டான். இப்ப திரும்பு.”

திரும்பினேன். புளியமரத்தின் மேல் குல்லாயைக் கழற்றி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு கீறல். மூச்சு வாங்கியது, ஆனால் எல்லோருக்கும் வாங்குகிற மாதிரிதான். மறியல்காரர்கள் கைதட்டினார்கள். அதன்பின் நான் மரம் ஏற முயன்றபோது இரண்டு முறை வழுக்கியதையும் அவர்கள் கைதட்டியே வரவேற்றார்கள்.

மாட்டுவண்டியில் வீடு திரும்பினோம். ஆக, போவது உறுதி. மாசியில், பள்ளிக்கு இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு. எங்கே என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. “இன்னா, யோசிச்சியா?” என்று இவர் தினமும் கேட்கிறார். குளிர், மலைப்பாதை, சரிவு இவையெல்லாம் என் தராசிலிருந்து இறங்கிவிட்டன. வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் அங்கெல்லாம் பிள்ளைகளோடு போய்வந்த வாசகிகளே, தயவுசெய்து எழுதுங்கள். இந்த மூன்றில் எந்த இடத்தில், சரிவுக்கு முதுகு காட்டி ஒரு தாய் உட்காரப் பெஞ்சு இருக்கிறது? பக்கத்தில் சூடாக ஏதாவது கிடைக்குமா? எதிரில் உட்கார்ந்து நடப்பதைச் சொல்ல அங்கே யாராவது உண்டா, அல்லது அதற்குச் சுமதியைத்தான் நம்ப வேண்டுமா? உங்கள் பிள்ளைகள் எப்படிச் சறுக்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். எத்தனை முறை விழுந்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் உட்கார்ந்துகொண்டே படிக்கிறேன்.